வேரில்லாத ஆறு மாதங்கள்

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊருக்கு அருகே ஒரு வெற்று நிலப்பரப்பு இருக்கிறது. உங்களில் சிலர் பள்ளிச் சுற்றுலாவின்போது அதைப் பார்த்திருக்கலாம். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் அடியில் படிந்த களிமண்தான் இன்று மேடும் பள்ளமுமாக நம் கண்முன் கிடக்கிறது. கடலுயிர்களின் எச்சங்களைக் காண நாம் அங்கே செல்கிறோம். பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அந்த நிலம் கற்றுத்தரும் இன்னொரு பாடத்தை நாம் கவனிப்பதில்லை.

அங்கே புல்லும் செடியும் மிகக் குறைவு. மழைநீர் தன் விருப்பப்படி ஓடி, ஓடி, நிலத்தை ஆயிரம் ஓடைகளாகக் கீறி வைத்திருக்கிறது. களிமண்ணைப் பிடித்துக்கொள்ள வேர் இல்லாவிட்டால் மழை என்ன செய்யும் என்பதற்கு அதைவிடத் தெளிவான படத்தை எந்தப் பாடநூலிலும் காண முடியாது.

காரையின் ஓடைகள் இயற்கையாக உண்டானவை. அதற்கு எந்த உழவரும் பொறுப்பல்ல. ஆனால் அதே மழைதான் சுற்றிலும் உள்ள கரிசல் வயல்களிலும் பெய்கிறது. அந்த வயல்களில் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாத காலம் உயிருள்ள வேர் எதுவும் இல்லை. இதைப் பற்றித்தான் நான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

மழைக் கணக்கும் பயிர்க் கணக்கும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் முதன்மைப் பயிர்கள். ஆவணி, புரட்டாசியில் விதைக்கிறார்கள். தை, மாசியில் மக்காச்சோளக் கதிரை ஒடிக்கிறார்கள். பருத்தி இன்னும் சில வாரங்கள் நிற்கும். பிறகு மிளார் பிடுங்கப்படும், நிலம் உழப்படும். அடுத்த விதைப்பு வரை வயல் வெறுமையாகக் கிடக்கும்.

இனி மழையைப் பாருங்கள். இப்பகுதியில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 850 முதல் 950 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. அதில் பாதியளவு வடகிழக்குப் பருவமழை. மீதி மழை கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் இடியோடும் மின்னலோடும் கொட்டுவது. அந்த மீதியில் பெரும்பகுதி விழுவது வெற்று மண்ணின் மேல். ஐப்பசியில் பெருமழை தொடங்கும்போதும் பயிர் ஒரு சாண், இரு சாண் உயரமே இருக்கும். அதன் வேர் அப்போதுதான் மண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதன் மேற்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் மண் மட்டும் அடித்துச் செல்லப்பட்டால் அது 4 கன மீட்டர். கரிசல் மண்ணின் எடையை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 5 டன். ஒரு டிராக்டர் டிரெய்லர் நிறைய மண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் தேய்ந்ததை யாருடைய கண்ணும் காணாது. ஆனால் போனது மேல்மண். எருவும் உரமும் மட்கும் நுண்ணுயிரும் அதிகம் இருந்தது அந்த அடுக்கில்தான்.

பருத்தியின் பழைய குணம்

இவ்விடத்தில் ஒரு வியப்பான செய்தியைச் சொல்ல வேண்டும். பருத்தி இயற்கையில் ஒரு பருவத்தோடு மடியும் செடியே அல்ல. அது பல ஆண்டுகள் வாழும் புதர்ச்செடி. துவரையும் அப்படித்தான், ஆமணக்கும் அப்படித்தான். மனிதன் தன் வசதிக்காகக் குறுகிய காலத்தில் காய்க்கும் வகைகளைத் தேர்ந்தெடுத்து, காய்த்ததும் பிடுங்கி, இவற்றை ஒரு பருவப் பயிர்களாக ஆக்கிக்கொண்டான். முருங்கையிலும் இதைக் காணலாம். நம் கொல்லையில் நிற்கும் மரமுருங்கை பல ஆண்டுகள் வாழ்வது. தோட்டத்தில் பயிரிடப்படும் செடிமுருங்கை ஆறே மாதத்தில் காய்க்கும்படி உருவாக்கப்பட்டது.

பல்லாண்டுப் பயிருக்கும் ஒரு பருவப் பயிருக்கும் மண்ணைப் பொறுத்தவரை என்ன வேறுபாடு? ஒரு பருவப் பயிர், ஒளிச்சேர்க்கையால் ஆக்கிய உணவில் பெரும்பகுதியை விதைக்குக் கொடுத்துவிட்டு மடிந்துவிடும். பல்லாண்டுப் பயிர் அடுத்த ஆண்டும் தழைக்க வேண்டும். ஆகவே அது வேருக்குக் கணிசமான பங்கை ஒதுக்குகிறது. அந்த வேர் ஆண்டு முழுவதும் சர்க்கரை முதலிய பொருள்களை மண்ணில் கசியவிடுகிறது. பாக்டீரியாக்களும் வேர்ப்பூசணங்களும் அதை உண்டு வாழ்கின்றன. அவை சுரக்கும் பசைப்பொருளும், நூல்போல் படரும் பூசண இழைகளும், மெல்லிய வேர்களும் சேர்ந்து மண்துகள்களைச் சிறு சிறு குருணைகளாகக் கட்டிவைக்கின்றன. குருணைகளுக்கு இடையே உள்ள துளைகளில் மழைநீர் இறங்குகிறது. இறங்கிய நீர் அரிக்காது.

உயிருள்ள வேர் இல்லாத மாதங்களில் இந்தச் சமையலறையில் அடுப்பு எரிவதில்லை. நுண்ணுயிர்கள் மண்ணில் முன்பு சேர்ந்த மட்கைத் தின்னத் தொடங்குகின்றன. உழவு அந்த வேலையை இன்னும் விரைவாக்குகிறது. நம் நாட்டு மண் ஆய்வுக் கூடங்களில், கரிமச் சத்து 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் ‘குறைவு’ என்று குறிப்பார்கள். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின்படி உழவர்களுக்கு அட்டை கொடுக்கப்பட்டது. உங்கள் வீட்டில் அந்த அட்டை இருந்தால் எடுத்து, கரிமம் என்ற வரியைப் படித்துப் பாருங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றையும் பார்த்து உர மூட்டை வாங்கும் நாம், இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

தானியமும் பல்லாண்டுப் பயிராகுமா?

“அப்படியானால் சோளத்தையும் நெல்லையும் பல்லாண்டுப் பயிராக மாற்றிவிடலாமே!” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த முயற்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் வெஸ் ஜாக்சன் என்பவர் 1976-ல் நில ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அங்குள்ள இயற்கைப் புல்வெளியில் பல்லாண்டுப் புற்களே மிகுதி. அங்கே மண் கெடவில்லை. பக்கத்துக் கோதுமை வயலில் மண் அரிக்கிறது. இதைக் கண்ட அவர், புல்வெளியைப் போன்ற வயலை உண்டாக்க முடியாதா என்று வினவினார். அந்த நிறுவனம் வளர்த்தெடுத்த ‘கெர்ன்சா’ என்னும் தானியப் புல்லின் வேர் 3 மீட்டர் வரை இறங்குகிறது. ஆனால் அதன் மணி சிறியது. விளைச்சல் கோதுமையைவிட மிகக் குறைவு. வேருக்குக் கொடுத்த உணவை விதைக்கும் கொடுக்க முடியாதல்லவா?

சீனாவின் யுன்னான் பகுதியில் கிடைத்த வெற்றி இதைவிடப் பெரிது. பயிரிடப்படும் நெல்லையும் ஆப்பிரிக்கக் காட்டு நெல் ஒன்றையும் ஒட்டி, பல்லாண்டு நெல்லை உருவாக்கினார்கள். 2018-ல் அது உழவர்களுக்குத் தரப்பட்டது. 2022-ல் வெளியான ஆய்வு, ஒரு முறை நட்ட நெல்லில் நான்கு ஆண்டுகளில் எட்டு அறுவடைகள் கிடைத்தன என்று கூறுகிறது. விளைச்சல் ஒவ்வோர் அறுவடைக்கும் சராசரியாக எக்டேருக்கு 6.8 டன். ஒவ்வொரு முறையும் புதிதாக நட்ட நெல்லில் கிடைத்தது 6.7 டன். மறுபடியும் தழைத்த பருவங்களில் உழைப்பு 58 விழுக்காடு குறைந்தது. மண்ணில் கரிமமும் கூடியது. ஐந்தாம் ஆண்டில் விளைச்சல் சரிந்ததால் மீண்டும் நட வேண்டியிருந்தது. களைத் தொல்லையும் சற்று மிகுதி.

காட்டுப் பயிரின் உறுதியை வயலுக்குக் கொண்டுவருவது நமக்குப் புதியதல்ல. 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்கு நிலையம் தொடங்கப்பட்டது. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் அங்கே கரும்பையும், ஆற்றோரம் தானாக வளரும் அதன் காட்டு உறவான நாணலையும் ஒட்டினார்கள். அவ்வாறு பிறந்த ‘கோ 205’ என்னும் கரும்பு 1918-ல் வெளிவந்தது. பெரம்பலூர் மாவட்டத்தின் எறையூர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் உழவரைக் கேட்டுப் பாருங்கள். வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் கரும்பு தழைப்பதை அவர் மறுதாம்பு என்பார். பல்லாண்டுப் பயிரின் பயனை அவர் அறிந்தவர்தான்.

ஆனால் மக்காச்சோளத்துக்கு அத்தகைய வகை உழவர் கைக்கு வரவில்லை. அதற்காகக் காத்திருந்தால் மண் காத்திருக்காது.

மரம் நட்டால் போதுமா?

மற்றொரு விடையும் சொல்லப்படுவதுண்டு: “வயலை விட்டு மரத்துக்கு மாறுங்கள்.” அரியலூர் மாவட்டத்தில் செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பகுதிகளின் செம்மண் நிலங்களில் முந்திரித் தோப்புகள் பல உள்ளன. முந்திரி பல பத்தாண்டுகள் வாழ்வது, வறட்சியைத் தாங்குவது. மழையை மட்டும் நம்பிய மேட்டு நிலத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது அதுதான். இதை மறுக்க முடியாது.

ஆனால் பல்லாண்டு வாழ்கிறது என்பதற்காகவே எந்தப் பயிரும் மண்ணைக் காத்துவிடாது. கொட்டை பொறுக்க வசதியாக முந்திரியின் அடியைச் சுரண்டி, சருகைக் கூட்டித் தள்ளிவிட்டால், மரத்தடியிலும் மண் வெறுமையாகத்தான் இருக்கும். சீமைக்கருவேலமும் தைலமரமும் கூடப் பல்லாண்டு வாழ்பவைதான். அவற்றை வயலுக்குள் வரவேற்க எந்த உழவரும் விரும்பமாட்டார்.

பல்லாண்டுப் பயிருக்கு இன்னொரு குறையும் உண்டு. செடி ஆண்டு முழுவதும் நின்றால் அதன் பூச்சியும் ஆண்டு முழுவதும் வாழும். கோவைப் பகுதியில் கம்போடியாப் பருத்தியை அடுத்த ஆண்டுக்கும் விட்டுவைத்தபோது இதுதான் நேர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1919-ல் பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் வந்தது. அதன்படி, பழைய பருத்திச் செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று விதி செய்தார்கள். ஆகவே, பருத்தியைப் பழையபடி பல்லாண்டுப் பயிராக விட்டுவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன்.

பத்து சென்ட் போதும்

என் கருத்து இதுதான். மக்காச்சோளமும் பருத்தியும் இருக்கட்டும். மகளின் கல்லூரிக் கட்டணமும் கடனுக்கான தவணையும் அவற்றிலிருந்தே வருகின்றன. ஆனால் ஏக்கருக்குப் பத்து சென்ட், அதாவது பத்தில் ஒரு பங்கு நிலத்தை, ஆண்டு முழுவதும் வேர் நிற்கும் பயிர்களுக்குக் கொடுக்க வேண்டும். தனி வயலாக அன்று. வரப்பிலும், சரிவுக்குக் குறுக்கே போடும் பட்டைகளிலும்.

அந்தப் பட்டைகளில் என்ன வளர்க்கலாம்? பல்லாண்டுத் துவரையை வரப்பில் ஊன்றலாம். காய் பறித்தபின் கவாத்துச் செய்தால் மீண்டும் தழைக்கும். அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்தும். உதிரும் இலை மண்ணுக்கு எருவாகும். வேலிமசாலும் கொழுக்கட்டைப் புல்லும் கறவைக்குத் தீவனம் தரும். சரிவான இடத்தில் வெட்டிவேரை நெருக்கமாக நடலாம். கர்நாடகத்தின் குண்டல்பேட்டைப் பகுதி உழவர்கள் நெடுங்காலமாகத் தங்கள் நில எல்லைகளில் வெட்டிவேரை வேலிபோல் வளர்த்து வந்தார்கள். 1980-களில் உலக வங்கியின் மண் பாதுகாப்பு வல்லுநர்கள் அதைக் கண்டு, பல நாடுகளுக்கு எடுத்துச் சொன்னார்கள். ஓடிவரும் நீர் அந்தப் புல்வரிசையில் மோதி வேகம் குறையும். அது சுமந்துவந்த மண் அங்கேயே படியும்.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. 2018-ல் அமெரிக்கப் படைப்புழு முதன்முதலாக நம் நாட்டுக்குள் வந்தது. அவ்வாண்டே பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோள வயல்களில் அது பேரழிவு செய்தது. குருத்தைக் குடைந்து தின்ற புழுவைக் கண்டு பலர் செய்வதறியாது நின்றார்கள். அதன் பின் வேளாண் வல்லுநர்கள் கூறிய வழிகளில் ஒன்று, வயலைச் சுற்றித் தட்டைப்பயறு, எள், துவரை, சூரியகாந்தி போன்றவற்றை வரப்புப் பயிராக விதைப்பது. புழுவைத் தின்னும் பூச்சிகளுக்கு அவை புகலிடமாகும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே பயிர் நின்றால், அதைத் தின்னும் பூச்சிக்கு அதுவே பெருவிருந்து. பல வகைப் பூக்கள் உள்ள வரப்பு, அந்த விருந்துக்குக் காவலாள் வைப்பதைப் போன்றது.

தடை எங்கே இருக்கிறது?

இவ்வளவு நன்மை இருந்தும் வரப்புகள் ஏன் மொட்டையாக இருக்கின்றன? உழவருக்கு அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. அது உண்மையன்று. தம் மண் மெலிவது அவருக்குத் தெரியும். தடைகள் வேறு.

முதலாவது, குத்தகை. அடுத்த ஆண்டு இந்த நிலம் தம் கையில் இருக்குமா என்று அறியாதவர், மூன்று நான்கு ஆண்டு நிற்கும் செடியை ஏன் நடுவார்? நட்டவர் ஒருவர், பலன் பெறுபவர் வேறொருவர் என்றால் எவரும் தயங்கத்தான் செய்வார்கள்.

இரண்டாவது, மேய்ச்சல். அறுவடை முடிந்ததும் வயல்வெளி முழுவதும் ஆடு மாடுகளுக்குத் திறந்துவிடப்படும். நிலமில்லாத ஏழையின் ஆட்டுக்கு அந்த மாதங்களில் அதுவே உணவு. அந்த ஆட்டின் புழுக்கை நிலத்துக்கும் எரு. ஆனால் ஒருவர் மட்டும் துவரையும் புல்லும் விட்டுவைத்தால், வைகாசி வெயிலில் ஊரில் பச்சையாக இருப்பது அவர் வரப்பு ஒன்றுதான். ஊர் ஆடுகள் எல்லாம் அங்கேதான் வரும். ஆட்டுக்காரரோடு சண்டையிட்டு மண்ணைக் காக்க முடியாது. ஏழையின் வாயை அடைத்து அறிவியலை வளர்ப்பதும் நியாயமன்று. ஊரே கூடி, ஒரே சமயத்தில், எல்லா வரப்புகளிலும் நட்டால் கதை மாறும். இளஞ்செடிகளை முதல் ஆண்டு காப்பது, பிறகு முறைவைத்து வெட்டித் தீவனமாகப் பங்கிட்டுக்கொள்வது என்று ஊராட்சியில் பேசி முடிவு செய்யலாம். அப்போது ஆட்டுக்காரருக்கும் இதில் பங்கு உண்டு.

மூன்றாவது, நம் அளவுகோல். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதைக் கேட்கிறோம். பத்து சென்ட் விட்டுவிட்டால் அந்த ஆண்டு மூட்டை குறையத்தான் செய்யும். அந்தக் குறைவைச் சிறு உழவர் தனியே சுமக்க வேண்டும் என்பது சரியன்று. விதைக்கும் உரத்துக்கும் மானியம் தரும் அரசு, ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் வரப்புக்கும் ஒரு தொகை தரலாம். ஓடைக்குப் போகாத மண், ஏரியில் வண்டலாகச் சேராத மண். அந்த ஏரியைத் தூர்வாரும் செலவு பொதுமக்களுடையது. ஆகவே இது உதவித்தொகையன்று, கூலி என்றே நான் கருதுகிறேன்.

நீங்கள் செய்து பார்க்கலாம்

மாணவ நண்பர்களே, நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். நீங்களே சோதித்துப் பாருங்கள். உழுத மக்காச்சோள வயலிலிருந்து நெல்லிக்காய் அளவில் ஐந்து மண்கட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதே வயலின் பழைய புல் வரப்பிலிருந்து, அதே அளவில் ஐந்து கட்டிகள் எடுங்கள். எல்லாவற்றையும் நிழலில் நன்றாக உலர்த்துங்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் நீர் நிரப்பி, தேநீர் வடிகட்டியில் கட்டியை வைத்து, மெதுவாக நீரில் மூழ்கவிடுங்கள். கட்டி உடைந்து வடிகட்டி வழியே இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது, நீர் எவ்வளவு கலங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டியை வைத்து முடிவு சொல்லாதீர்கள்; ஐந்தின் சராசரியைப் பாருங்கள். பத்து மாணவர்கள் பத்து ஊர்களில் செய்தால் உங்கள் கையில் ஓர் ஆய்வே இருக்கும். முடிவு நான் எதிர்பார்ப்பதற்கு மாறாக வந்தாலும் அதை அப்படியே எழுதுங்கள்.

அந்தக் குறிப்பேட்டை வீட்டில் அப்பாவிடமும் தாத்தாவிடமும் காட்டுங்கள். “நம் வரப்பில் முன்பு என்ன நின்றது?” என்று கேளுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அதைப் படிக்க ஆசிரியரின் உதவியை நாடுங்கள். ஆவணியில் விதைப்பு தொடங்குமுன் ஒரு வரப்பிலாவது துவரை ஊன்றச் சொல்லுங்கள். மாசியில் வயல் வெறுமையாகும்போது, அந்த வரப்பில் வேர் உயிரோடு நிற்கும்.